பக்கத்து வீட்டில் வெடித்த கடுகு

என் அன்புப் பிலோமிக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு வந்திருக்கும் முதல் ஆடி இது. மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டாகிவிட்டது. அம்மை கண்ட வீட்டைப் போல, பண்டிகை முடியும்வரை எண்ணெயில் கடுகு போடாத நாட்கள். என் அடுப்பிலும் தாளிப்பு இல்லை. உனக்குத் தெரியாததா?

செவ்வாய்ப்பேட்டைக்கு நீ குடிவந்த முதல் வருடமே கேட்டேன்: "நீ சர்ச்சுக்குப் போறவ. உனக்கு எதுக்கு இந்தக் கட்டுப்பாடு?"

"ஏனுங்க்கா, உங்க மாரியாத்தா நம்ம சந்துலதானுங்க வாராங்க. எங்க ஊட்டுல கடுகு வெடிச்சா அவங்க காதுல உழுகாதுங்களா?" என்று சிரித்தாய்.

அதிலிருந்து, ஏசு சிலுவையில் மாண்ட பெரிய வெள்ளியன்று என் வீட்டில் ரேடியோ பாடியதில்லை. எதிர்வீட்டு பாய் குடும்பம் நோன்பிருக்கும் மாதத்தில், நாம் இருவருமே பகலில் எதையும் வறுத்ததில்லை. யாரும் யாரையும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்தப் பெரிய வெள்ளியன்றும் ரேடியோவைத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நீ இல்லை. அப்படியானால் அந்த அமைதி யாருக்காக, பிலோமி?

நேற்று உன் சமையலறையில் கடுகு வெடித்தது. உன் மருமகள் தூத்துக்குடிப் பெண், இந்த ஊர் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தும் ஜன்னலை ஓங்கிச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தோடு சுவரோரம் வந்து நின்றாள்.

"பெரியம்மா, முருங்கைக்காய்க் குழம்பு. அத்தை வச்ச மாதிரி மொட்டையா இருக்காது. நல்லாத் தாளிச்சிருக்கேன்."

"பிலோமி மொட்டையாவா வைப்பா?"

"ஆடி வந்தாத் தாளிக்க மறந்திருவாங்க பெரியம்மா. அவங்களுக்கு வயசாயிட்டேன்னு நானும் ஒண்ணும் சொல்லல. பேசாம சாப்பிட்டிருவேன்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவள் முன்னால் அழ எனக்கு விருப்பமில்லை.

மறதியா, உனக்கா? என் கணவர் போன பிறகு என் கல்யாண நாளை நினைவில் வைத்திருந்தவள் நீ ஒருத்திதானே! சொந்த மருமகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல், மறதிக்காரி என்ற பெயரோடு போயிருக்கிறாய். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆனால் இப்போதே சொன்னால் அது அவளுக்குத் தடை போட்டதாகிவிடும். நாம் அப்படிப் பழகவில்லை. பண்டிகை முடியும்வரை அவள் இஷ்டம்போல் தாளிக்கட்டும், ஜன்னலைத் திறந்தே வைக்கிறேன். முடிந்த மறுநாள் நானே கடுகு வெடிக்கவிட்டு, குழம்பு வைத்து, அதே கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன். "உன் அத்தை எதையும் மறக்கவில்லை" என்று அவளை உட்காரவைத்துச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

சுவருக்கு இந்தப் பக்கம் இன்னும் இருக்கும்
உன் அக்கா,
சரஸ்வதி