பிரிக்காத தாள்கள்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று பாகூர்க் கடைத்தெருவில் ஒருவன் கரும்பு வெட்டும் கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கிறீச்சைக் கேட்டதும் சாக்கடையில் குதித்துவிட்டேன். வேட்டி மட்டும் கரையிலேயே தங்கிவிட்டது. சிரிக்காதே, எல்லாம் உன்னால்தான்.

நாம் வாத்தியார்களாக இருந்த பள்ளியில், நூலகப் பொறுப்பிலிருந்த நீ புத்தகங்களுக்கு வைத்த பரீட்சை அப்படி. பிரான்சிலிருந்து வரும் புத்தகங்களில் தாள்கள் மடிப்பு வெட்டாமல் மூடியே இருக்கும். படிக்கிறவன்தான் கத்தியால் கீறிப் பிரிக்க வேண்டும். ஆண்டு விடுமுறை வந்தால் ஓரங்களில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பாய். பிரியாதது வெளியே.

"படிக்காத பொஸ்தகம் பொணம்பா. அத்த ஒக்கார வெச்சிட்டா உசுரோட கீறது எங்க ஒக்காரும்?" என்பாய்.

பயிர் நூலும் வைத்திய நூலும் கேட்டுப் பையன்கள் உன்னைப் பிய்த்தார்கள். வாங்கியும் வைக்க இடமில்லை. பாதி அலமாரியைப் பண்ணையார் நன்கொடை தந்த கப்பல் பயண நூல்கள் அடைத்திருந்தன. ஒன்றுகூடப் பிரியவில்லை. அத்தனையையும் தாழ்வாரத்துக்குத் தள்ளினாய். அவரோ ஊராட்சித் தலைவரான மேர் பதவிக்குத் தேர்தலில் நிற்கிற நேரம்.

மறுநாளே ஆட்கள் வந்தார்கள்.

"இன்னாடா, எங்க அய்யா குட்த்த பொஸ்தகத்த வெளிய கடாசிட்டியாமே?"

"யாரும் படிக்கலப்பா."

"எங்க அய்யாவே படிக்கல, நீ யார்றா கேக்க?"

கரும்பு வெட்டும் கத்திகள் உயர்ந்தன. கைக்கு அகப்பட்ட பண்ணையார் புத்தகங்களையே இருவரும் கேடயமாகப் பிடித்தோம்; ஒவ்வொன்றிலும் வெட்டு விழுந்து தாள்கள் பிளந்தன. என் தலைமேல் இருந்த தடித்த நூலில் ஒரு வெட்டு இறங்கிச் சிக்கிக்கொண்டது. இலக்கியம் என்னைக் காப்பாற்றியது அந்த ஒருமுறைதான். நான் மேசைக்கடியில் புகுந்தேன். நீ புது நூல்களின் முன்னால் கைகளை விரித்து நின்றாய். உன் இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. அடுத்த வெட்டு தோளில். இரத்தம் சுவரில் அடித்ததும்தான் ஓடினார்கள். புது நூல்கள் பிழைத்தன. புண் சீழ்பிடித்து நீ போனாய்.

இப்போது நூலகம் என் பொறுப்பு. என் கட்டைவிரலும் உன்னைப் போலவே ஓரங்களைத் தடவிப் பழகிவிட்டது. உன் இரத்தம் பட்ட அந்த வெட்டுப்பட்ட நூல்களை எறிய மனமில்லாமல் ஒரு மூலையில் செருகினேன். இன்று பையன்கள் அடித்துக்கொண்டு இரவல் கேட்பது அவற்றைத்தான்.

"ஏன்டா, அப்ப ஒருத்தனும் தொடலியே?" என்றேன் ஒருவனிடம்.

"பண்ணையாரு பொஸ்தகத்துல கத்தி வெச்சா வுடுவாங்களா, வாத்தியாரே?"