இடப்பக்கம்

மார்ச் 17, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

பிப்ரவரி 12 அன்று நீ வந்து இறங்கியதும் கேட்டாய்: "'உங்கப்பா இன்னும் வரல'ன்னு அம்மா போன்ல அழுதாங்க. நீங்க எந்த லாயத்துல இருந்தீங்க?" மருந்து வாங்க நான் வெளியே போயிருந்த நேரத்தில் நீ பேசியிருக்கிறாய். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்கும் விளங்காததால், பதில் சொல்லவில்லை. அதன்பின் நீயும் என்னோடு பேசவில்லை.

முப்பத்தெட்டு ஆண்டுகள் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவன் நான். குதிரையை இடப்பக்கமாகவே அணுகுவேன். நோயுற்ற குதிரையின் அருகே வாய் திறக்க மாட்டேன். பிப்ரவரி 8 முதல் அவள் கண்மூடிய 11 வரை, ஆஸ்பத்திரியில் அந்தப் பழக்கத்திலேயே உன் அம்மாவின் கட்டிலுக்கு இடப்பக்கம், அவளுடைய இடக்கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"குதிரை டாக்டருக்கு இன்னும் நேரம் கிடைக்கலையா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாள் முதல் அவள் என்னைக் குத்திக்காட்டும் வாசகம் அது. வழக்கமான கேலிதான் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

நேற்று, மார்ச் 16 அன்று, இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது மருத்துவர் சொன்னார்: "பக்கவாதத்துல அவங்களுக்கு இடப்பக்கம் பார்வையும் போயிடுச்சு, தொட்டா தெரியறதும் போயிடுச்சு. வலப்பக்கமா உட்காரணும்னு யாருமே சொல்லலையா சார்?"

ஒரு சொல் பேசியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். இனி அவளிடம் சொல்ல வழியில்லை என்பதால் உன்னிடம் சொல்கிறேன். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன், மகளே.

உன் அப்பா