எழுந்து நிற்காத வக்கீலம்மா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், மனசைப் பற்றிக் கேட்காதே. முகாமில் உன்னை அடைத்து வைத்திருக்கும் அறையில் காற்றாவது வருகிறதா, சாப்பாட்டை ஒதுக்காமல் சாப்பிடு. முந்தாநாள் படையே உனக்கு நியமித்த வக்கீலைப் பார்க்கப் போனோம், அவரும் சீருடைக்காரர்தான். தேநீர் கொடுத்து, "மேலதிகாரியை அறைஞ்சது பெரிய குத்தம்மா, மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டா தண்டனை குறையும்" என்று தேனொழுகப் பேசினார். அதற்குள் போன் அடித்தது. எடுத்தவர் விறைப்பாக எழுந்து நின்று, மேசையில் கிடந்த தொப்பியைத் தேடி மாட்டிக்கொண்டு, சார் சார் என்கிறார். வைத்துவிட்டு, "உங்க பொண்ணு அறைஞ்ச மேஜர்தான், எழுதி வாங்கியாச்சான்னு கேக்குறாரு" என்று எங்களிடமே கூச்சமில்லாமல் சொல்கிறார். போனில் வருகிறவனுக்கே தொப்பி மாட்டுகிற ஆள், கோர்ட்டில் அவன் முகத்துக்கு எதிரே உனக்காக என்ன பேசிக் கிழிப்பார்? வெளி வக்கீல் வைக்கலாமா என்றேன், "வைக்கலாம், ஆனா மேல இருக்கறவங்களுக்குப் பிடிக்காது" என்று இழுத்தார். வெளி வக்கீல்தான் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். உன் பெரியப்பா வேறு, பொம்பளைப் பிள்ளை அனுசரித்துப் போயிருக்கலாம் என்கிறார், அந்த வாயில் சோப்பைப் போட்டுத்தான் கழுவ வேண்டும்.

நேற்று ஒரு டயர் கடை மாடியில் இருக்கும் வக்கீலம்மாவிடம் போனோம், என் வயசுதான் இருக்கும். வீங்கின காலை முக்காலியில் நீட்டி வைத்திருந்தார், எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நடுவில் யாரோ பெரிய ஆள் போன் பண்ண, அதற்கும் எழுந்திருக்கவில்லை, "கட்சிக்காரங்க இருக்காங்க, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டார். பிறகு என்னிடம், உங்க பொண்ணு அடிச்சாளா என்றார். அடிச்சா என்றேன். ஏன் என்றார். எத்தனை அடி, எந்தக் கை, யார் பார்த்தது என்றுதான் இதுவரை எல்லோரும் கேட்டார்கள், ஏன் என்று பெற்ற நானும் கேட்கவில்லை. அப்பா எழுந்து கீழே போய் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை வக்கீலம்மா உன்னைப் பார்க்க வருகிறார், நானும் கூட வருகிறேன். அதுவரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே, எவன் வந்து கெஞ்சினாலும் மிரட்டினாலும் சரி. நன்றாக இரு, தலை நிமிர்ந்து இரு, என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. அந்த ஏன் என்பதை என்னிடம் சொல்ல வாய் வராவிட்டால் சொல்ல வேண்டாம் கண்ணு, அவரிடம் சொல்லிவிடு. நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா