பிரித்துப் பார்

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் அம்மாவும் நலம். நீங்களும் அங்கே நலமாக இருக்க வேண்டும். 'அண்ணி' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். அண்ணனும் நீங்களும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்ட பிறகு, இந்தச் சொல் எனக்கு இன்னும் சொந்தமா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது? உங்களிடமே கேட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய நன்றி நிறைய இருக்கிறது. உங்களிடம் வாங்க வேண்டிய குட்டும் ஒன்று இருக்கிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். எழுத்தைப் பாருங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் வலது கையால் எழுதியது. பஸ் படியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டைப் பிரித்த அன்று, விரல்கள் வேறு யாருடையவோ மாதிரி இருக்கின்றன என்று உங்களிடம் அழுதேனே, அதே கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னை மாடியிலிருந்து இறக்கிக் கீழே பில் போட உட்கார வைத்திருந்தார்கள். இத்தனை வருஷம் ஃப்ரேமில் லென்ஸ் மாட்டியவள், ரசீது கிழித்துக்கொண்டிருந்தேன். பிசைந்து பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அது ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது, நானும் தேடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் பார்சல் வந்தது. எனக்குக் கை வராது என்று அம்மாதான் அதைப் பிரித்தாள். அட்டைப்பெட்டியைக் கிழித்து, உள்ளே சுற்றியிருந்த செய்தித்தாளையும் கிழித்துக் குப்பையில் போட்டாள். அந்தத் தாளின் மேல் நீங்கள் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டை மட்டும் பத்திரமாக உரித்து, பொருளின் மேல் வைத்து நீட்டினாள். உள்ளங்கை அளவில் ஒரு பாட்டுப் பெட்டி. அதன் மேல் உங்கள் கையெழுத்தில் 'பிரித்துப் பார்'.

பொத்தானை அழுத்தினேன். உயிர் இல்லை. ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வரவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு, கெட்டுப்போன பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, இதைப் பிரித்துப் பழகு என்று அனுப்பியிருக்கிறீர்கள். அண்ணிக்கு என்ன மூளை என்று பூரித்துப் போனேன். வழியிலேயே சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். வெளியே ஸ்க்ரூ எதுவும் தெரியவில்லை. விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிச் சுற்றிக்கொண்டே வந்தால் 'டக்'கென்று முதுகு கழன்றது. உள்ளே முக்கால்வாசி இடத்தைப் பேட்டரியே பிடித்துக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதற்குக் கீழே பச்சைத் தகடு, ரிப்பன் மாதிரி ஒரு வயர், எறும்புத் தலை அளவு ஸ்க்ரூக்கள். உதவிக்கு வரத் துடித்த இடது கையை மடியிலேயே உட்கார வைத்தேன். ஒரு ஸ்க்ரூ விழுந்தால் அதைத் தேடுவதற்கே ஒரு சாயங்காலம் போகும். அம்மா எட்டிப் பார்த்து, "பாட்டுப் பொட்டிக்குப் போஸ்ட்மார்ட்டமா பண்றே?" என்றாள். ஆனால் அண்ணி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் முதல் தடவையாக ஒன்றையொன்று தேடிப் போய்த் தொட்டது அந்த மேஜையில்தான்.

அப்புறம் நீங்கள் போன் செய்து, "பாட்டெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். பெட்டி என் எதிரே வெள்ளைத் துணியில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. "இப்பதான் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணி" என்றேன். பொய் இல்லை பாருங்கள். நீங்களும், "மெதுவா பாரு, ஆபீஸ் விட்டு வந்து ஒவ்வொண்ணா தேடிப் போட்டது" என்றீர்கள். போனை வைத்துவிட்டு அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தளவு கறுப்புச் சில்லு. நீங்கள் தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் அதற்குள்ளே இருக்கிறது. நானோ அதன் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி விளையாடியிருக்கிறேன்.

திருப்பி மாட்டும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இரண்டு தடவை பார்த்துப் பார்த்து முடுக்கினேன். கடையில் லென்ஸ் உடைந்தால் வேறு வரவழைக்கலாம். இதற்கு எங்கே போவது? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பில் மேஜையிலேயே துணியை விரித்து, கடைசி ஸ்க்ரூவை முடுக்கினேன். பின்னால் முதலாளி நின்றது தெரியாது. காதுக் கம்பி கழன்ற ஃப்ரேம் ஒன்றை என் முன்னால் வைத்தார். அதையும் மாட்டிக் கொடுத்தேன். இப்படியும் அப்படியும் மடக்கிப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை மேல போய் உக்காரும்மா" என்றார். மேலேதான் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணி. அந்தப் பழைய நாற்காலி இன்னும் ஆடுகிறது.

பெட்டியும் பிழைத்துக்கொண்டது. சார்ஜ் போட்டதும் விளக்கு எரிந்தது, பாடியது. ஆனால் இயர்போனை மாட்டினால் ஒரு காதில் மட்டும்தான். எந்த வயரை நான் சரியாகச் செருகவில்லையோ தெரியவில்லை. இதற்குத்தான் அந்தக் குட்டு. பாடுகிற காதை அம்மா பிடுங்கிக்கொண்டாள். இத்தனை மாதமாக உங்கள் பேச்சையே எடுக்காதவள், மூன்றாவது பாட்டில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பிடிச்சதையும் போட்டிருக்கா பாரு" என்றாள். பிறகு அதைத் திருப்பித் தரவே இல்லை.

அண்ணனைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. உங்கள் இரண்டு பேர் கணக்கில் எனக்கு வேலை இல்லை. உடன்பிறந்தவன் பக்கம்தான் நான் நிற்பேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நினைத்தும் என் கைக்காகக் கவலைப்பட்டீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

பார்சலைப் பிரிக்கச் சொல்லி நீங்கள் எழுதிய இரண்டு சொல்லைத் தப்பாகப் படித்தேன், எனக்குக் கை கிடைத்தது. இனிமேலும் எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள், பிரித்துப் பார்க்கிறேன். என்னை மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்
நாத்தனார்