மூன்று ட்யூப்களும் ஒரு நிழலும்

போன வாரம் உன் மகள் உன் படப் பலகையைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சுற்றியிருந்த பழைய துண்டைப் பிரித்ததும் வாட்டர்கலரின் அந்தப் பிசின் வாசனை வந்தது. பலகையோடு உன் பீங்கான் வண்ணத் தட்டும், பாதி நசுங்கிய ட்யூப்களும் இருந்தன. மூன்றே மூன்று ட்யூப்கள். செத்துப்போன பிறகும் என்னை விடமாட்டாயா என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

பலகையில் இருந்தது அந்தக் கானாடுகாத்தான் வீடு. மதுரை ஆஸ்பத்திரிக்கு நீ போவதற்கு முந்தைய ஞாயிறு, நாம் பக்கத்தில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வரைந்தது. பூட்டிக் கிடக்கும் அந்த வெள்ளைச் சுவரில் நிழல் பாதிவரை வந்து நின்றிருக்கிறது. வெயில் தாங்கவில்லை, அடுத்த வாரம் முடிக்கலாம் என்று எழுந்தாய்.

"அம்மாகூட எப்பவும் நீங்கதான வரைஞ்சீக சித்தி. இதை முடிச்சுக் குடுக்குறீகளா? ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டணும்" என்றாள் உன் மகள். உன் பிள்ளை கேட்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சரி என்றுவிட்டேன். ஆனால் அந்த நிழலின் நிறம் என் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும்.

நாம் ஓவிய வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? ஒரே பள்ளியில் வேலை பார்த்த சிநேகிதிகள் நாம், நீ அறிவியல் டீச்சர், நான் கணக்கு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை நமக்கென்று ஏதாவது வேண்டும் என்று நான்தான் உன்னை இழுத்துப்போனேன். அது இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம். "மூணே கலர் வாங்குங்க. ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு நீலம். அதை வச்சுப் பழகுனாத்தான் கலக்கத் தெரிஞ்சுக்குவீக" என்றார் மாஸ்டர். எனக்கோ சிங்கப்பூரிலிருந்து அண்ணன் முப்பத்தாறு நிறப் பெட்டி அனுப்பியிருந்தான். அதைத் திறந்துவைத்தபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. நீ மட்டும் பார்க்கவில்லை.

நீ என்னைக் கடைக்குக் கூட்டிப்போனாய். மூன்று ட்யூப் வாங்க ஒரு மணி நேரம். கடைக்காரர் பொறுமையிழந்து, "எல்லாம் ஒரே சிவப்புதாங்க" என்றார். நீ பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் பொட்டுப் பொட்டாக வைத்துப் பார்த்தாய். ஆரஞ்சு சாயல் உள்ள சிவப்பை ஒதுக்கிவிட்டு ரோஜா சாயல் உள்ளதை எடுத்தாய். "அதை நீலத்தோட சேத்தா சேறாயிரும்டீ. இது சேந்தா ஊதா வரும். நிழலுக்கு ஊதா வேணும்ல." எலுமிச்சை மஞ்சள் எடுத்தாய். நீலத்தில் அல்ட்ராமரின். இந்த நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை மங்கிப்போகுமே என்றேன், எனக்கும் ஏதோ தெரியும் என்று காட்ட. நீ சிரித்தாய். "நம்ம ஊருல பச்சைப்பசேல்னு என்னடீ இருக்கு? தூசி படிஞ்ச கருவேலந்தான. அதுக்கு இந்தப் பச்சை போதும்." அன்று உன்மேல் எனக்கு வந்த எரிச்சல் வீடு வரும்வரை அடங்கவில்லை.

அப்புறம் வருஷக்கணக்கில் அதே கதைதான். என் பெட்டியில் சாம்பலுக்கே நான்கு ட்யூப் உண்டு. சுவரில் பூசினால் யாரோ அழுக்குத் துணியால் துடைத்தது போல இருக்கும். உன் சுவரில் நிழல் மேலே நீலமாகத் தொடங்கி, கீழே வரவர லேசாகச் சிவந்து, மண்ணில் வந்து உட்காரும். "எல்லாரும் இங்குட்டு வந்து பாருங்க" என்று மாஸ்டர் கூப்பிடுவார். நானும் போய்ப் பார்த்து, நல்லா இருக்குடீ என்பேன். வயிறு எரியும். நீ எழுந்து தண்ணீர் மாற்றப் போகும்போதெல்லாம் உன் தட்டை எட்டிப் பார்ப்பேன். எந்த நிறத்தோடு எதைக் கலந்தாய் என்று ஒருநாளும் பிடிபடவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை. உன்னிடம் கேட்பதா?

இந்த வாரம் முழுவதும் பள்ளி விட்டு வந்து அதே வேலையாக இருந்தேன். உன் ட்யூப்களை உன் தட்டிலேயே பிதுக்கி, விதவிதமாகக் கலந்து, துண்டுத் தாளில் தீற்றி உன் நிழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் செத்த நிறங்கள். எரிச்சலில் பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். வெயிலில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. வெறும் தாள் என்று நினைத்த மீதிச் சுவரில், இருக்கிறதா இல்லையா என்னும்படி மெல்லிய மஞ்சள் ஓடியிருந்தது. நிழல் நின்ற ஓரத்தில் ரோஜா கொஞ்சம் நீண்டிருந்தது. அதன்மேல்தான் நீலம். ஒன்று காய்ந்தபின் ஒன்று. நீ தட்டில் கலக்கவே இல்லை, தாளில்தான் கலந்திருக்கிறாய். நான் இத்தனை வருஷம் உன் தட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

துண்டுத் தாளில் அப்படியே செய்தேன். மஞ்சள், காயவிட்டு ரோஜா, காயவிட்டு நீலம். உன் நிழலோடு சேர்த்து வைத்தேன். எது உன்னுடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. இந்த நாளை எத்தனையோ முறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். தாளை உன் முன்னால் போட்டுவிட்டு, உன் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று. மாடியில் காய்ந்த துணிகள் மட்டும் இருந்தன. உன்மேல் அந்த நிமிஷம் வந்தது போலக் கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

நேற்று மாலை உன் மகள் வந்தாள். பலகையை அப்படியே துண்டில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். "எவ்வளவோ முயற்சி பண்ணுனேன்மா. உங்கம்மாவோட அந்த நிறம் எனக்கு வரல. இருக்குறபடியே ஃப்ரேம் போட்டுரு." உனக்காக நான் விட்டுக்கொடுத்தது வாழ்க்கையில் இது ஒன்றுதான். அவள் ஒரு நிமிடமாவது வருத்தப்படுவாள், இல்லை, நீங்களும் நல்லாத்தான் வரைவீக என்று பேச்சுக்காவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அது அம்மாவுக்குத்தான் வரும் சித்தி" என்றாள், துளிகூட ஆச்சரியப்படாமல்.

அந்தத் துண்டுத் தாள் என் கைப்பையில்தான் இருக்கிறது. வயிறு இன்னும் எரிகிறதடீ.