பதினோராவது ஷாட்

என் செல்ல அக்கா,

இன்று காலை எனக்கு ஒரு கடிதம் வந்தது. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இன்னும் யாரிடமும் காட்டவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எதைச் சொன்னாலும் முதலிலிருந்து சொல் என்பாயே, அப்படியே சொல்கிறேன்.

அந்தப் படிவத்தை உனக்குப் படித்துக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் டூ முடித்துவிட்டு சிவகாசியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் சினிமாவையும் டிவியையும் பட்டப்படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள் என்று பேப்பரில் பார்த்து எழுதிப்போட்டதற்கு வந்த பதில் அது. வெளிநாட்டுப் பிள்ளைகள் நேரடியாகச் சேர முடியாது, ஒரு வருடம் ஆயத்த வகுப்பு படித்துத் தேறினால்தான் பட்டப்படிப்பில் இடம் என்று இருந்தது. அதற்கு உதவித்தொகையும் உண்டு. கூடவே, நீங்களே எடுத்த பத்து ஷாட்களை அனுப்பி வையுங்கள் என்று ஒரு வரி.

நான் உரக்கப் படிக்கிறேன், நீ வாசலில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருக்கிறாய். உன் கை நின்றது.

"ஏட்டி, பத்து ஷாட்டா? நம்ம கம்பெனியில பன்னெண்டுலதான ஆரம்பிக்குது. அதுவும் வெடியப் போயி தபால்ல எப்பிடிடி அனுப்புவ? போலீஸ்ல பிடிச்சு உள்ள போட்ருவாங்க."

விக்கல் வரும்வரை சிரித்தேன். உன்மேல் தப்பில்லை. நாரணாபுரத்தில் யாரைக் கேட்டாலும் ஷாட் என்றால் பெட்டிக்குள் குழாய் குழாயாக அடுக்கி, திரியைப் பற்றவைத்தால் ஒவ்வொன்றாக வானத்துக்குப் போகிற வெடிதான். பதினான்கு வருடம் நீ அடுக்கியதும் அதைத்தான். கேமராவை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்துவதற்கும் அதுதான் பெயர் என்றேன். நீ நம்பவில்லை. "வேற பேரு வைக்க அங்கன ஆளு இல்லயாக்கும்" என்று மறுபடி உருட்ட ஆரம்பித்துவிட்டாய்.

உன்னையே படம் எடுக்கிறேன் என்றபோதுதான் வெட்கப்பட்டாய். கம்பெனிக்குள் கேமராவை விடமாட்டார்கள், அதனால் வீட்டு வேலைதான் படம். ஸ்டுடியோ அண்ணன் இரவல் கொடுத்த கல்யாணக் கேமரா ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். ஸ்டாண்டு இல்லை. இருந்ததும் ஒரே ஒரு கேசட். "கையக் களுவிட்டு வரணுமாடி?" என்று கேட்டாய். வேண்டாம், ஆனால் கேமராவைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்றேன். பெரிய டைரக்டர் நான்.

ஒன்பது ஷாட் வரை சொன்ன பேச்சைத் தட்டாமல் இருந்தாய். பசை தடவினாய், உருட்டினாய், கொடியில் துணி எடுத்தாய். பத்தாவது எடுக்கும்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்து என்னமோ கேட்டாய். எனக்கு வந்த கோபத்தில் கேசட்டைப் பின்னால் ஓட்டி, அதன் மேலேயே மறுபடி எடுத்தேன். இரண்டாவது தடவை நீ தலையைத் தூக்கவே இல்லை.

அக்கா, என்னிடம் இருக்கும் உன் படம் முழுக்க நீ குனிந்தே இருக்கிறாய். வாயைத் திறக்காமல் இருக்கிறாய். நான் சொல்லித்தான் அப்படி இருக்கிறாய்.

இங்கே வந்த முதல் வாரம் ஹெலன் டீச்சர் ஷாட் என்றால் என்ன என்று எல்லாரையும் கேட்டார். நீ சொன்னதையே நான் சொல்லிவைத்தேன். கொரியாப் பெண்ணும் நைஜீரியாப் பையனும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்காமல் பலகையில் எழுதிக்கொண்டார். இங்கே டீச்சரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், உனக்குத் தெரிந்தால் என் வாயிலேயே போடுவாய். நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று டீச்சர் முகத்துக்கு நேரே சொல்வதற்குக்கூட இங்கே பயிற்சி உண்டு. அது எனக்கு மூன்று மாதமாகியும் வரவில்லை.

அந்த மூன்றாவது மாதத்தில்தான் அத்தான் போன் செய்தார். மஞ்சள் காமாலை என்றார். முடிந்துவிட்டது என்றார். "அவதான் ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னா தாயி, படிப்புக் கெட்டுப் போயிருமாம்" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. உன்மேல்தான். என் படிப்பைப் பற்றி முடிவெடுக்க நீ யார்? உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் இங்கே நூலகத்தில் உட்கார்ந்து கட்டுரைக்கு அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா பட்டாசு வேலை பார்த்தாள், இறந்துவிட்டாள் என்று சொன்னால் இங்கே எல்லாரும் விபத்தா என்றுதான் கேட்கிறார்கள். காமாலை என்றதும் அவர்களுக்கு மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரிவதில்லை.

இந்த வகுப்பின் கடைசிப் பரீட்சை என்ன தெரியுமா? வரும்போது அனுப்பிய அதே கேசட்டிலிருந்து பத்து ஷாட்டை, படித்ததை வைத்து மறுபடி வெட்டிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பத்துக்கு மேல் ஒன்று இருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் பட்டப்படிப்பில் இடம். கிடைக்காவிட்டால் ஊருக்கு டிக்கெட். நீ இல்லாத ஊருக்கு வந்து நான் யார் வாசலில் உட்கார?

எடிட்டிங் அறையில் கேசட்டைப் போட்டேன். பத்தாவது ஷாட் முடிந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டோம், அதற்கு மேல் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை நிறுத்தக் கை வரவில்லை, ஓடவிட்டேன். கோடுகோடாக ஓடியது. அப்புறம் நீ வந்தாய்.

இரண்டாவது தடவை எடுத்தது கொஞ்சம் குட்டை, அக்கா. முதல் தடவை எடுத்ததன் வால் அழியாமல் இருந்திருக்கிறது. நான்கே விநாடி. நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்து, "எம்புட்டு நேரமாத் தூக்கிட்டு நிக்க, கை வலிக்கலயாடி?" என்கிறாய். பின்னாலிருந்து என் குரல், "ப்ச், பேசாதன்னு சொன்னேம்ல." அதோடு முடிகிறது. எத்தனை தரம் போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதே.

இப்போது பதினொன்று ஆகிவிட்டது. ஒன்றை வெட்டி எறிய வேண்டும். ஹெலன் டீச்சர் பார்த்துவிட்டு, எதை வேண்டுமானாலும் வெட்டு, வானத்தை மட்டும் வெட்டாதே என்றார். சாயங்காலம் கம்பெனி மைதானத்தில் சாம்பிள் ஷாட் விட்டுப் பார்ப்பார்களே, மொட்டை மாடியிலிருந்து அதை எடுத்தது, பத்தில் நீ இல்லாத ஒரே ஷாட். பச்சையும் சிவப்புமாக விரியும். அந்த ஒரு ஷாட்தான் உனக்கு இடம் வாங்கித் தரும் என்றார். உண்மைதான், எல்லாருக்கும் பிடித்தது அதுதான்.

ஆனால் அன்றைக்கு மாடிக்கு வா என்று கூப்பிட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "அடுக்கும்போதே பாத்தாச்சுடி. மேல போனா ஊரு பாக்கட்டும்." நீ பார்க்க வராத வானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஹெலன் என்றேன். வருடம் முழுக்கப் பழகியும் வராதது அன்றைக்குத்தான் வந்தது. வானத்தை வெட்டிவிட்டேன்.

நேர்காணலில் இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். பட்டாசுத் தொழிலாளி பற்றிய படத்தில் ஒரு வெடிகூட இல்லையே என்று கேட்டார்கள். இருந்தது, அக்காவுக்கு இடம் வேண்டி வெட்டிவிட்டேன் என்றேன். கடைசி ஷாட்டில் கேட்கும் அந்த எரிச்சலான குரல் யாருடையது என்றார்கள். என்னுடையது என்றேன். அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை. அழுதுவிட்டேன். வேலை கெட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்று வந்தது அவர்கள் கடிதம்தான். இடம் கொடுத்துவிட்டார்கள், அக்கா. செப்டம்பரில் சேர வேண்டும்.

ஊரிலாக இருந்தால் இந்நேரம் தெருவெல்லாம் சொல்லி முடித்திருப்பாய். இங்கே ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது. கடிதத்தை மடித்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு வந்தால் அத்தானுக்கு அந்த நான்கு விநாடியைப் போட்டுக் காட்ட வேண்டும். அவரும் உன் குரல் கேட்டு நாளாகியிருக்கும்.

ஒரு சத்தியம் செய்கிறேன். இனி என் கேமரா முன்னால் உட்காரும் யாரையும் என்னைப் பார்க்காதே, பேசாதே என்று சொல்ல மாட்டேன். அவர்கள் என்ன கேட்டாலும், ஷாட் கெட்டாலும் பரவாயில்லை, பதில் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவேன்.

உனக்குச் சொல்லாமல் விட்ட பதிலையும் இப்போது சொல்கிறேன். வலிக்குதுக்கா. ரொம்ப வலிக்குது.

நீ கேட்டதற்கு இரண்டு வருடம் கழித்துப் பதில் சொல்லும்
உன் தங்கச்சி,
பேச்சி