வராந்தாவில் நின்றவர் பெயரில் ஏழு பக்கம்

அனுப்புநர்:
ஜா. இவாஞ்சலின்,
தற்காலிகக் கணினி இயக்குபவர்,
பசுங்கொடி திராட்சை விவசாயிகள் விற்பனைச் சங்கம்,
ஓடைப்பட்டி கிளை.

பெறுநர்:
செயலாட்சியர் அவர்கள்,
மேற்படி சங்கத் தலைமை அலுவலகம்,
தேனி.

பொருள்: பிரிண்டர் பக்கக் கணக்கு பிழையெனச் சோதனையில் தெரிந்தது – என் மீதான குறிப்பாணையை ரத்து செய்யக் கோருவதும், மேலும் ஒரு வேண்டுகோளும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கிளையில் நான்கு கணினிகளுக்கும் ஒரே பிரிண்டர். அது என் கணினியோடு இணைக்கப்பட்டுள்ளது. யார் எத்தனை பக்கம் எடுக்கிறார்கள் என்று எண்ணும் மென்பொருள் சென்ற ஆண்டு முதல் உள்ளது. செப்டம்பர் மாதப் பட்டியலில் மற்ற மூவர் பெயரிலும் சேர்த்து 40 பக்கமும், என் பெயரில் மட்டும் 2,146 பக்கமும் இருந்தன.

2. என் அண்ணன் மரிய ஜோசப் சின்னமனூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் கடை வேலைகளை அலுவலகப் பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தேன் என்று 4.10.2004 அன்று குறிப்பாணை தந்து என்னைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தனர். மறுநாள் இரு அலுவலர்கள் கடைக்குச் சென்று, வாடிக்கையாளர்கள் பார்க்கப் பேப்பர் கட்டுகளைப் பிரித்துச் சோதித்தனர். அண்ணன் அன்று ஐந்து மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வந்தார். எடுத்தாயா என்றுகூட அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

3. கணக்கைச் சோதிக்குமாறு கிளை மேலாளர் திரு. சீனிச்சாமி அவர்களுக்கு மூன்று முறை எழுதினேன். 20.10.2004 அன்று சம்மதித்தார். அவர் சொன்னபடி நான் வெளியே வராந்தாவில் நின்றேன். மேலாளர் என் கணினியின் கீபோர்டைக் கழற்றித் தம் மடியில் வைத்துக்கொண்டார். கணக்கர் திரு. ராஜமணி, எல்லோரும் வழக்கமாகச் செய்வதுபோல, பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்காமல் எஸ்கேப் பட்டனைத் தட்டித் தம் கணினியைத் திறந்து, ஏழு பக்கம் எடுத்தார். அலுவலக உதவியாளர் திரு. சங்கிலிதான் முதலில் வெளியே வந்தார். "ஏழும் உங்க பேர்லதான் ஏறியிருக்கு ஆத்தா. நீங்க இங்கனதானே நின்னீக," என்றார். பக்கத்தில் இருந்த பழப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

4. பிறகு திரு. ராஜமணி பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து மீண்டும் எடுத்தார். அந்த ஏழும் அவர் பெயரில் ஏறின. பெயர் கொடுக்காமல் எடுப்பதெல்லாம் பிரிண்டர் இணைந்த கணினிக்காரர் தலையில் விழுகிறது என்பது அப்போது விளங்கியது. மேலாளர் என்னை அழைத்து, "தப்பா நினைச்சுட்டோம்மா. நாளைக்கே வேலைக்கு வந்துருங்க," என்றார். அவருக்கு என் நன்றி. பதினாறு நாள் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

5. ஆயினும் குறிப்பாணை இன்னும் என் கோப்பில் இருக்கிறது. அதை எழுத்து மூலம் ரத்து செய்து, ஒரு நகலை அண்ணன் கடைக்கும் அனுப்ப வேண்டுகிறேன். கடைக் கண்ணாடியில் ஒட்டப் போவதாகச் சொல்கிறார்.

6. எனக்கு முன் இதே மேசையில் இருந்த திருமதி அன்னத்தாய், இதே போன்ற பட்டியலைக் காட்டிச் சென்ற மே மாதம் நீக்கப்பட்டார். சோதனை கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டப் போகிறார். நேற்று அவரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். "அப்ப நான் எடுக்கலைன்னு இனிமேலாச்சும் சொல்வாகளா?" என்று மட்டும் கேட்டார்.

அவரை மீண்டும் பணிக்கு அழைக்குமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அவர் வந்தால் இந்த மேசை அவருடையது. தற்காலிகமாக அமர்ந்திருக்கும் நான் எழுந்துகொள்ள வேண்டிவரும் என்பதை அறிந்தே இதில் கையொப்பமிடுகிறேன்.

இடம்: ஓடைப்பட்டி
நாள்: 22.10.2004

தங்கள் உண்மையுள்ள,
ஜா. இவாஞ்சலின்